மரச்சட்டமும் 1981 சட்டமும்: பெங்களூரில் ஒரு ஃப்ளெக்ஸ் புகார்

எங்கள் சந்து மெயின் ரோட்டைத் தொடும் இடத்தில், வலது கைப் பக்கம், ஒரு மின்கம்பமும் வேலி போட்ட டிரான்ஸ்ஃபார்மரும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் 12 அடி இடைவெளி. பேனர் கட்டுகிறவர்களுக்கு இதைவிடத் தோதான இடம் அமையாது. இந்தப் பக்கம் கம்பம், அந்தப் பக்கம் வேலி, எதிரே பேருந்து நிறுத்தம். 2023 ஜூலை நடுவில் அங்கே ஒரு ஃப்ளெக்ஸ் ஏறியது. அதைத் தாங்கிய மரச்சட்டம் இறங்க நவம்பர் ஆகிவிட்டது. அந்த நான்கு மாதங்களில் என்ன செய்தோம், எது வீணானது, எது பலித்தது என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருந்தேன். வேறு தெருக்காரர்களுக்கும் உதவும் என்று அதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

அல்சூர், மர்பி டவுன், காக்ஸ் டவுன், லிங்கராஜபுரம் என்று கிழக்கு பெங்களூரில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கும் பகுதிகளில் ஒன்றுதான் எங்களுடையது. வார்டையும் தெருப் பெயரையும் எழுதாமல் விடுகிறேன். இதில் வருகிற எல்லோரையும் நாளைக்கும் நான் முகம் பார்த்துப் பேச வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள்.

நான் வீட்டு மாடியில் கணக்கும் அறிவியலும் டியூஷன் எடுப்பவள். ஜூலை 18, செவ்வாய்க்கிழமை, ஆடி பிறந்த மறுநாள். வகுப்பு முடிந்து பிள்ளைகள் இறங்கிப் போய் ஐந்து நிமிடம்கூட இருக்காது, ஒரு பிரேக் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ரோட்டோரம் உட்கார்ந்து இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். சைக்கிளின் முன்சக்கரம் கோட்டம் விழுந்து கிடக்கிறது. சந்திலிருந்து இடது பக்கம் திரும்பியிருக்கிறான். வலது பக்கமிருந்து வந்த ஆட்டோவை அவன் பார்க்கவில்லை, ஆட்டோக்காரரும் இவனைப் பார்க்கவில்லை. ஆட்டோக்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, “பேனருக்குப் பின்னாடி இருந்து திடீர்னு வந்துட்டான் டீச்சர், நான் என்ன பண்ணுவேன்” என்று கைகூப்பாத குறையாகச் சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மணிக்கட்டில் எலும்பு விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு.

மறுநாள் காலை டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். ஃப்ளெக்ஸ் 12 அடி அகலம், 8 அடி உயரம். அடி விளிம்பு தரையிலிருந்து இரண்டு அடியில் நின்றது. சந்து முனையில் சைக்கிளில் உட்கார்ந்தபடி வலது பக்கம் பார்த்தால், மெயின் ரோட்டில் ஐந்து மீட்டர் தூரம்தான் தெரிந்தது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடிவிடும். ஆக, வண்டி கண்ணில் பட்டதிலிருந்து பையனுக்குக் கிடைத்தது அரை நொடிக்கும் குறைவு. பேனர் இல்லாத நாளில் அதே இடத்திலிருந்து 40 மீட்டர் வரை பார்க்கலாம், அதாவது மூன்றரை நொடிக்கு மேல். இந்தக் கணக்கை அன்றைக்கே கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளையே போடச் சொன்னேன். பிறகு புகார்க் கடிதத்திலும் இதே கணக்கைத்தான் எழுதினேன். “போக்குவரத்துக்கு இடைஞ்சல்” என்று எழுதினால் படிப்பவர் அடுத்த வரிக்குப் போய்விடுவார். ஐந்து மீட்டர், நாற்பது மீட்டர் என்று எண்ணோடு எழுதினால் ஒரு நிமிடமாவது நிற்பார்.

இனி பேனரில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. மேலே அம்மன் படம், ஆடித் திருவிழா வாழ்த்து. நடுவில் உள்ளூர்ப் பிரமுகர் ஒருவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து. கீழே தபால்தலை அளவில் வரிசையாக இருபத்திரண்டு முகங்கள், ஒவ்வொன்றுக்கும் பெயர். வலது கோடியில் எறும்பு எழுத்தில் அச்சிட்ட கடையின் பெயரும் மொபைல் எண்ணும். மாநகராட்சி அனுமதி எண் எங்கேயும் இல்லை. பின்னால் போய்ப் பார்த்தேன். ரீப்பர் கட்டைகளை ஆணி அடித்துச் சேர்த்து, இரண்டு சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்து, மின்கம்பத்தோடு கட்டுக்கம்பியால் நாலு சுற்றுச் சுற்றியிருந்தார்கள். டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும் கேபிளுக்கும் அந்தக் கம்பிக்கும் ஒரு முழம்கூட இடைவெளி இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது

கர்நாடகத்தில் இதற்கென்று ஒரு சட்டம் 1981-இலிருந்தே இருக்கிறது. திறந்தவெளி இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம். பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் உள்ளாட்சி அமைப்பின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் விளம்பரம் ஒட்டினாலோ நட்டாலோ ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அன்றைக்கு அது பெரிய தொகையாக இருந்திருக்கலாம். டெல்லியில் 2007-இல் கொண்டுவந்த இதே மாதிரிச் சட்டத்தில் அபராதம் 50,000 ரூபாய் வரை, சிறை ஓராண்டு வரை. அதோடு, யாருடைய ஆதாயத்துக்காக ஒட்டப்பட்டதோ அவரும் குற்றவாளி என்றே அங்கே கொள்ளப்படும். தனக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது.

பெங்களூரில் பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. 2016 மார்ச் 11-ஆம் தேதி கர்நாடக அரசு பிளாஸ்டிக்குக்குத் தடை விதித்த அறிவிக்கையில் கைப்பை, தட்டு, கப்போடு ஃப்ளெக்ஸ், பிளாஸ்டிக் பேனர், தோரணம் எல்லாமே வருகின்றன. தயாரிப்பது, விற்பது, பயன்படுத்துவது மூன்றுக்குமே தடை. அதாவது அனுமதி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்தப் பொருளே கூடாது. துணியில் எழுதிக் கட்டுவது வேறு விஷயம்.

2018 ஆகஸ்ட் 1 அன்று நடந்ததைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கர்நாடக உயர் நீதிமன்றம், தலைமை நீதிபதி தினேஷ் மகேஸ்வரி தலைமையிலான அமர்வு, சட்டவிரோத ஃப்ளெக்ஸ்களை உடனே அகற்றச் சொன்னது. சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கில் இறங்கின. ஒரு வாரத்துக்குள் மாநகராட்சி மன்றம் வெளிப்புற விளம்பரங்களுக்கு ஓராண்டுத் தடை போட்டுத் தீர்மானம் செய்தது. எங்கள் மெயின் ரோட்டில் அடுத்த ஒரு மாதம் எதிர்ப்பக்க வீடுகளின் மாடிச் செடிகள் கூடத் தெரிந்தன. முடியாத காரியம் இல்லை என்று அந்த ஒரு மாதம் எனக்குக் காட்டியது. புகார் கொடுக்கும் தைரியமும் அங்கிருந்துதான் வந்தது.

நான்கு புகார்கள்

ஜூலை 19 அன்று மாநகராட்சியின் புகார் ஆப்பில் முதல் புகார். படம், இடம், விபத்து விவரம் எல்லாம் போட்டேன். இரண்டே நாளில் கழற்றிவிட்டார்கள். “புகார் தீர்க்கப்பட்டது” என்று செய்தி வந்தது. மாவுக்கட்டோடு வந்த பையனிடம் காட்டிச் சந்தோஷப்பட்டேன்.

கழன்றது ஃப்ளெக்ஸ் மட்டும்தான். மரச்சட்டம் அப்படியே நின்றது. ஜூலை 26 அன்று அதே மரச்சட்டத்தில் ஒரு கோச்சிங் சென்டர் விளம்பரம். மறுநாள் இரண்டாவது புகார் கொடுத்தேன். ஒரே நாளில் மூடினார்கள்: “ஏற்கெனவே தீர்க்கப்பட்டது.” இடம் ஒன்றே என்பதால் பழைய புகார் என்று நினைத்திருக்க வேண்டும். ஜூலை 31-இல் மூன்றாவது. ஆகஸ்ட் 2-இல் இறக்கினார்கள். ஆகஸ்ட் 13 அன்று சுதந்திர தின வாழ்த்து, இன்னொரு பிரமுகர், இன்னும் பதினைந்து முகங்கள். 14-ஆம் தேதி நான்காவது புகார், 18-ஆம் தேதி கழற்றல்.

அந்த நான்காவதில்தான் எனக்குப் புரிந்தது. நோட்டில் தேதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பளிச்சென்று பட்டது. சுதந்திர தினம் 15. பேனர் இறங்கியது 18. வாழ்த்து பேனருக்குத் தேவை ஒரு நாள் வாழ்க்கைதான். விடியற்காலையில் கட்டுகிறார்கள், அதன் கீழே நின்று படம் எடுக்கிறார்கள், வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறார்கள், பிரமுகர் அந்தப் பக்கம் காரில் போகும்போது பார்க்கிறார். வேலை முடிந்தது. மூன்று நாள் கழித்து மாநகராட்சி ஆள் வைத்துக் கழற்றினால் கட்டியவருக்கு நஷ்டமே இல்லை, கழற்றுகூலி மிச்சம். நான் கொடுத்த நான்கு புகார்களும் அவர்களுக்கு இலவசமாகத் துப்புரவு செய்து கொடுத்திருக்கின்றன. மரச்சட்டம் அடுத்தவருக்குத் தயாராக நிற்கிறது.

இதை என்னிடம் சொல்லாமல் சொன்னவர் ஒருவர் உண்டு. 18-ஆம் தேதி காலை கழற்ற வந்த தொழிலாளி. டெம்போவை ஓரம் நிறுத்தி, மூங்கில் கழி நுனியில் கட்டிய அரிவாளால் மேல் கயிற்றை இரண்டு இழுப்பில் அறுத்தார். ஃப்ளெக்ஸ் தானாக மடிந்து விழுந்தது. முகங்கள் எல்லாம் தலைகீழாகத் தரையில். அதைப் பாய் சுருட்டுவது மாதிரி காலால் உருட்டி டெம்போவில் போட்டார். முழுக்க மூன்று நிமிடம். செருப்பைத் தவிர உடம்பில் வேறு பாதுகாப்பு ஒன்றும் இல்லை. தலைக்கு மேலே மின்கம்பி. “அண்ணா, அந்தக் கட்டையையும் எடுத்துடுங்களேன்” என்றேன். அவர் நல்ல தமிழில் பதில் சொன்னார். “டீச்சரம்மா, எங்களுக்கு பேனர்னு தான் எழுதித் தர்றாங்க. கட்டை கம்பத்தோட சேர்த்துக் கட்டியிருக்கு. கம்பம் கரன்ட் ஆபீஸுது. நாங்க தொட்டா நாளைக்கு எங்களைக் கேப்பாங்க.” கிளம்பும்போது, “போன மாசமும் இதே இடம்தான் வந்தேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாநகராட்சியின் பகுதி அலுவலகத்துக்கு நேரில் போனேன். அங்கிருந்தவர் தன்மையாகத்தான் பேசினார். “தெகெஸ்தீவி மேடம்” என்றார், அதாவது எடுக்கச் சொல்கிறோம் என்று. எடுப்பதில் பிரச்சினை இல்லை, கட்டினவர்களுக்கு நோட்டீஸ் போனதா என்று கேட்டேன். அது வருவாய்ப் பிரிவு என்றார். வருவாய்ப் பிரிவில், வழக்குப் போடுவது போலீஸ் என்றார்கள். காவல் நிலையத்தில், மாநகராட்சி எழுத்தில் புகார் கொடுத்தால் பதிவு செய்கிறோம் என்றார்கள். ஒவ்வொருவர் சொன்னதிலும் ஓரளவு உண்மை இருந்தது. யாரும் விரட்டவில்லை. ஆனால் ஒரு மூலையில் நிற்கும் நாலு கட்டைக்கு மாநகராட்சி, மின்சார நிறுவனம், போக்குவரத்துப் போலீஸ், சட்டம் ஒழுங்குப் போலீஸ் என்று நான்கு வாசல் என்றால், புகார் எந்த வாசலிலும் நுழையாது.

இதற்கு நடுவில் பையனின் அப்பா கோபத்தில் ஒரு ராத்திரி தானே ஏறி அறுத்துவிடுகிறேன் என்று கத்தியோடு கிளம்பினார். சென்னையில் டிராஃபிக் ராமசாமி அந்த வயதிலும் தானே பேனரை இழுத்துப் போட்டார் என்று உதாரணமும் சொன்னார். ராமசாமி மேல் எனக்கும் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அவர் கையில் நீதிமன்ற வழக்குகளும் இருந்தன. இங்கே மேலே ஓடுவது மின்சாரம். அதோடு நாமே அறுத்துவிட்டால் சாட்சியும் போய்விடும், வீண் சண்டையும் வரும். அவரை உட்கார வைத்து டீ கொடுத்து அனுப்பினேன்.

கடிதம்

செப்டம்பர் 16 அன்று விநாயகர் சதுர்த்தி வாழ்த்தோடு மரச்சட்டம் மறுபடி நிறைந்தது. இந்த முறை ஆப்பைத் தொடவில்லை. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர், தொழிற்சாலை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், எனக்கு அண்ணன் மாதிரி. அவரோடு உட்கார்ந்து கன்னடத்தில் ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். கையெழுத்து இருவருடையதும். 20-ஆம் தேதி மாநகராட்சி, மின்சார நிறுவனம், போக்குவரத்துப் போலீஸ் மூன்று இடத்திலும் நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கினோம்.

ஆப்பில் எழுதியதற்கும் இந்தக் கடிதத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பிறகு பலர் கேட்டார்கள். பேனரை எடுங்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. மரச்சட்டத்தை எடுங்கள் என்றுதான் எழுதினோம். டிரான்ஸ்ஃபார்மரில் பெயின்டால் எழுதியிருந்த எண்ணைக் குறிப்பிட்டு, கட்டுக்கம்பிக்கும் கேபிளுக்கும் உள்ள இடைவெளி தெரிகிற மாதிரி, பக்கத்தில் ஸ்கேல் பிடித்து எடுத்த படத்தை வைத்தோம். நான்கு பேனர்களின் படங்களையும் தேதியோடு வைத்து, ஒவ்வொன்றிலும் யார் பெயர் பெரிதாக இருக்கிறது, அச்சிட்ட கடை எது என்று பட்டியல் போட்டோம். 1981 சட்டத்தின் கீழ் இவர்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும், 2016 அறிவிக்கையின்படி அச்சுக்கடை மீது நடவடிக்கை வேண்டும் என்று தனித்தனி வாக்கியமாகக் கேட்டோம். பார்வைத் தூரக் கணக்கு, மாவுக்கட்டுக்கான மருத்துவச் சீட்டின் நகல். அவ்வளவுதான், ஒரு பக்கம்.

இரண்டு நாள் கழித்துத் தகவல் உரிமை மனு. கர்நாடகத்தில் மனு 150 வார்த்தைக்குள், ஒரே விஷயத்தைப் பற்றி இருக்க வேண்டும், கட்டணம் 10 ரூபாய். இந்த விதி தெரியாமல் நீளமாக எழுதித் திருப்பி அனுப்பப்பட்டவர்களை எனக்குத் தெரியும். நான் கேட்டது ஒன்றே ஒன்று: என்னுடைய நான்கு புகார் எண்களில் ஒவ்வொன்றுக்கும் எடுத்த நடவடிக்கை என்ன, விளம்பரம் வைத்தவருக்கு நோட்டீஸ் கொடுத்த தேதி என்ன?

அக்டோபர் 19-இல் பதில் வந்தது. 30 நாள் கெடுவுக்குள். ஒரு தாளில் நான்கு வரிசை. “நடவடிக்கை” என்ற கட்டத்தில் நான்கிலும் “பேனர் அகற்றப்பட்டது”. ஜூலை 27 புகாருக்கும் அப்படியே, அன்றைக்கு அகற்றவே இல்லை என்றாலும். “நோட்டீஸ் தேதி” கட்டத்தில் நான்கிலும் ஒரு சின்னக் கோடு. அந்தக் கோடுகளை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் நாங்கள் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை அலுவலகமே முத்திரை போட்டு எழுதிக் கொடுத்துவிட்டது. கடிதத்தோடு அந்தத் தாளை இணைத்து மேலதிகாரிக்கு 25-ஆம் தேதி பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

நம் ஆட்களின் பேச்சு

வெளியிலிருந்து வந்த தடையைவிட உள்ளேயிருந்து வந்ததுதான் எனக்கு வலித்தது. “சாமி காரியத்துக்குக் கட்டினதைப் போய் கம்ப்ளைன்ட் பண்றீங்களே டீச்சர், அம்மன் குத்தம் ஆயிடும்” என்றார் எதிர் வீட்டு அக்கா. நேரே கோயிலுக்கே போய்க் கமிட்டிப் பெரியவரைக் கேட்டேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, “அம்மாடி, அந்த பேனர் வெச்சதே எங்களுக்குத் தெரியாது. பிறந்தநாளுக்கு வெச்சவங்க மேல அம்மன் படத்தைப் போட்டுட்டாங்க. அம்மன் இருந்தா யாரும் கை வைக்க மாட்டாங்கன்னு” என்றார். ஒரு குழந்தையின் கை முறிந்ததை அவரிடம் சொன்னபோது அவர் கண் கலங்கியது. அடுத்த ஆடியிலிருந்து கோயில் காம்பவுண்டுக்கு உள்ளேதான், அதுவும் துணியில் என்று அங்கேயே சொன்னார்.

இன்னொரு பேச்சு இன்னும் கனமானது. “இது அவங்க ஊரு. நமக்கு எதுக்கு வம்பு?” 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தைப் பார்த்த தலைமுறை இது. அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை பதினெட்டு வருஷம் மூடிக் கிடந்து 2009-இல் திறந்ததைப் பார்த்தவர்கள். அவர்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அக்டோபர் 30 அன்று அந்த மரச்சட்டத்தில் கன்னட ராஜ்யோத்சவ வாழ்த்து ஏறியபோது எனக்கே கை நடுங்கியது. மஞ்சள் சிவப்புக் கொடி, புவனேஸ்வரி தாய் படம். ஒரு தமிழச்சி இதைப் போய்ப் புகார் செய்தாள் என்று பேச்சு வந்தால்?

பக்கத்து வீட்டு அண்ணன் கொஞ்சமும் தயங்கவில்லை. “புவனேஸ்வரி தாயைக் கொண்டுபோய் டிரான்ஸ்ஃபார்மர் வேலியில, காரித் துப்புற இடத்துல கட்டியிருக்காங்க. நான் எழுதறேன்மா, என் பேர்ல” என்று அன்றைய நினைவூட்டுக் கடிதத்தில் தான் மட்டும் கையெழுத்துப் போட்டார். அதுவரைக்கும் நான்கு பேனர்களுக்கும் ஒரே வார்த்தைகளில் எழுதியிருந்தோம். இதற்கும் அதே வார்த்தைகள்தான். எந்தப் படம், எந்தக் கட்சி, எந்த மொழி என்று கடிதத்தில் எங்கேயும் எழுதியதில்லை. அளவு, தூரம், அனுமதி எண் இல்லை, அவ்வளவே. அந்த வறட்டு மொழிதான் எங்களைக் காப்பாற்றியது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

அந்த டிசம்பரில் பெயர்ப்பலகைகளில் 60 சதவீதம் கன்னடம் வேண்டும் என்ற போராட்டம் நகரத்தில் சூடாக இருந்தது. 27-ஆம் தேதி பல இடங்களில் ஆங்கிலப் பலகைகள் உடைந்தன. போர்டு என்று யார் பேசினாலும் அதோடு சேர்த்துப் புரிந்துகொண்டார்கள். கடைக்காரர் சொந்தக் கடைமேல் வைக்கும் பெயர்ப்பலகை எந்த மொழியில் இருக்க வேண்டும் என்பது ஒரு விஷயம். பொதுக் கம்பத்தில் அனுமதி இல்லாமல் கட்டுவது முழுக்க வேறு. புகார் கொடுப்பவர்கள் இரண்டையும் ஒரு கடிதத்தில் கலக்கவே கூடாது.

இறங்கிய விதம்

நவம்பர் 9, வியாழக்கிழமை, காலை பதினொரு மணி. முதலில் அசைந்தது மின்சார நிறுவனம்தான். இருபது நிமிடம் லைனை நிறுத்திவிட்டு இரண்டு லைன்மேன்கள் ஏணி போட்டு ஏறினார்கள். கட்டுக்கம்பியைக் கட்டரால் வெட்டினார்கள். சவுக்குக் கட்டை இரண்டும் அடியில் மக்கிப் போயிருந்தன, தள்ளியதும் மடக்கென்று ஒடிந்தன. ரீப்பரில் ஏழெட்டு பேனரின் கண்ணித் துணுக்குகள் ஆணியோடு ஒட்டியிருந்தன. அதாவது நான் எண்ண ஆரம்பிப்பதற்கு முன்பும் அந்த இடத்தில் கட்டைகள் பல பேனரைச் சுமந்திருக்கின்றன. கேபிள் மேலுறையில் கம்பி உரசிய தடம் ஒரு விரல் நீளத்துக்கு இருந்தது. மூத்த லைன்மேன் அதைத் தொட்டுக் காட்டி, ஒரு மழைக்காலம் தாங்கியது பெரிய விஷயம் என்றார். இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி மூடினார். நான் பார்வைத் தூரத்தை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த ஆபத்து அதைவிடப் பெரியதாக இருந்திருக்கலாம்.

மாநகராட்சி நோட்டீஸ் டிசம்பர் முதல் வாரம் போனது. கோச்சிங் சென்டருக்கும் அச்சுக்கடைக்கும். பிரமுகர்களுக்குப் போகவில்லை. பேனர் வைத்தது அவர்கள்தான் என்பதற்கு ஆதாரம் இல்லையாம், ஆதரவாளர்கள் வைத்தார்களாம். டெல்லிச் சட்டத்தில் இருப்பதைப் போல, ஆதாயம் யாருக்கோ அவரே பதில் சொல்ல வேண்டும் என்ற வரி எவ்வளவு முக்கியம் என்று அன்றைக்குத் தெரிந்தது. கோச்சிங் சென்டர்க்காரர் வீடு தேடி வந்து, “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே எடுத்திருப்போமே டீச்சர்” என்றார். அவர் விளம்பரம் அதன்பிறகு அந்த ரோட்டில் எங்கேயும் இல்லை. நான்கு புகாரால் ஆகாதது ஒரு தாளால் ஆனது. அச்சுக்கடை வேறு பாடம் படித்துக்கொண்டது: இப்போது எங்கள் பக்கம் வரும் ஃப்ளெக்ஸ்களில் ஓரத்தில் கடைப் பெயரும் எண்ணும் அச்சிடுவதில்லை. ஆகவே பழைய பேனரில் அந்த எண் கண்ணில் பட்டால் முதல் நாளே நெருக்கத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

பெரிய விபத்துகளின் பக்கத்தில் இதை வைத்துப் பார்ப்பேன். 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில், சாலை நடுவில் கட்டிய கல்யாண பேனர் ஸ்கூட்டர் மேல் விழுந்து, பின்னால் வந்த லாரியில் சிக்கி 23 வயதுப் பொறியாளர் ஒருவர் இறந்தார். 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் காற்றுமழையில் பெட்ரோல் பங்க் மேல் சாய்ந்த பலகை 120 அடிக்கு 120 அடி. அங்கே மாநகராட்சி அனுமதிக்கும் உச்ச அளவு 40 அடிக்கு 40 அடி. 17 பேர் போனார்கள். இரண்டிலுமே விழுவதற்கு முன்பு அந்த வழியாகத் தினமும் போன ஆயிரம் பேர் அதைப் பார்த்திருப்பார்கள். நாங்களும் எங்கள் மரச்சட்டத்தை எத்தனையோ மாதம் பார்த்துக்கொண்டுதான் போயிருக்கிறோம்.

2025 செப்டம்பரில் பழைய பெருநகர மாநகராட்சி போய் கிரேட்டர் பெங்களூரு ஆணையமும் அதன் கீழ் ஐந்து மாநகராட்சிகளும் வந்துவிட்டன. எழுதுவதற்கு முன் உங்கள் தெரு மத்திய, கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு எதில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தவறான மாநகராட்சிக்கு எழுதிய கடிதம் சுற்றி வர ஒரு மாதம் ஆகும்.

2024 ஆடியில் கோயில் காம்பவுண்டுக்குள் மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்தில் வாழ்த்து கட்டியிருந்தார்கள். பெரியவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பையன் இப்போது பத்தாம் வகுப்பு முடித்துவிட்டான், சைக்கிளுக்குப் பதில் பஸ். மூலையில் கம்பத்தைச் சுற்றிக் கட்டுக்கம்பி அழுத்திய துருத் தடம் மட்டும் இருக்கிறது. போன வாரம் அதற்குப் பத்தடி தள்ளி, மழைமரத்தில் ஒரு பிஜி விடுதியின் தகரப் பலகையை ஏழு அடி உயரத்தில் நாலு ஆணி போட்டு அடித்திருக்கிறார்கள். ஆணி இறங்கிய இடத்தில் பட்டை உரிந்து பிசின் வழிந்திருந்தது. படம் எடுத்தாயிற்று. அண்ணன் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறார்; திங்கட்கிழமை முத்திரை வாங்கப் போகிறோம்.